அப்பளச் சாக்கும் ஹெட்லைட்டும்

அப்பளம் நொறுங்கியதால்தான் நான் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். ஈப்போவில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அப்பளம் அங்கிருந்துதான் வருகிறது. போன வருஷம் வரை வட்டமாக வந்தது. இந்த வருஷம் பொடியாக வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் அதை ரசத்தில் தூவிச் சாப்பிட்டுவிட்டு, இது என்ன புது அயிட்டம், நன்றாக இருக்கிறதே என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அப்பளம் அனுப்புகிறவள் பெயர் பிரமு. பல வருஷமாகப் போனில் குரல் மட்டும் பழக்கம். “நாங்க முழுசாத்தான் அனுப்புதோம் அக்கா. கப்பல்ல எவனோ ஏறி மிதிக்கான்” என்று அடித்துச் சொன்னாள். நேரில் போய்ப் பார்த்து, சரிப்பட்டால் அவளிடமே தொடர்வது, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன்.

பிரமுவை நேரில் பார்த்ததும் குரலுக்கும் ஆளுக்கும் பொருத்தம் இருந்தது. இரண்டுமே பெரியது. வீட்டு மாடியில் எனக்கு இடம் ஒழித்து வைத்திருந்தாள். முதல் நாள் மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டாள். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டபோது நான் அப்பளச் சண்டைக்கு வந்தவள் என்பதே மறந்துபோயிருந்தது.

அவள் கணவர் சுடலைமுத்து மினி பஸ் டிரைவர். விடியும்போது போனால் ராத்திரிதான் வருவார். அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் சும்மா நின்றது. தொண்ணூறுகளில் வாங்கிய நூறு சிசி வண்டி. சுற்றுக் கிராமங்களில் பெண்கள் வீட்டிலிருந்தே அப்பளம் போட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் காலையில் மாவு கொடுத்து, சாயங்காலம் காய்ந்த அப்பளத்தை வாங்கி வருவது பிரமுவின் வேலை. ஒரு வருஷமாக வண்டி ஓட்டி வந்த அவள் தம்பி போன வாரம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பிரமுவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கோ ஈப்போவில் முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள்தான் கால்.

“அக்கா, நீங்க கியர் வண்டி ஓட்டுவியளா?” என்று கேட்டாள். பத்து நிமிஷத்தில் நான் அவளுடைய டிரைவர் ஆகிவிட்டேன்.

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் என்றால் பகலிலும் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் போலீஸ்காரர் சம்மன் எழுதுவார். ஆகவே கிக்கரை உதைத்ததுமே என் கை தானாக லைட்டைப் போட்டுவிடும். அந்தக் காலை தெருமுனை தாண்டுவதற்குள் எதிரே சைக்கிளில் வந்தவர் கையை உயர்த்தி ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்தார். நானும் கையை ஆட்டினேன். அடுத்து பால்காரர். அப்புறம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாள். பள்ளிக்கூட வேன் முழுக்கப் பிள்ளைகள். எல்லோருக்கும் நானும் விரலைக் குவித்து விரித்துக்கொண்டே போனேன். என்ன அன்பான ஊர் என்று நினைத்தேன்.

“அக்கா, லைட்டு எரியுதுன்னு சொல்லுதாங்க” என்றாள் பிரமு பின்னாலிருந்து.

“புது வண்டிகளில் எல்லாம் எப்போதும் எரிகிறதே?”

“அது கம்பெனிக்காரன் போடுதது. இது சுடலை வண்டி. தெரிஞ்ச வண்டியில லைட்டு எரிஞ்சா சொல்லாமப் போவாங்களா?”

அந்த லைட் எரிவதைப் பகலில் கண்டுபிடித்தவர்களின் கண்ணைத்தான் பாராட்ட வேண்டும். ஏனென்றால் அன்று சாயங்காலம் இருட்டியதும் எனக்கு அது தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய மஞ்சள் வெளிச்சம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கொஞ்சம் எரியும், விட்டால் அணையும். வெளிச்சம் வேண்டுமென்றால் வேகமாகப் போக வேண்டும், வேகமாகப் போவதற்கோ வெளிச்சம் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வாய்க்கால் ரோட்டில் வந்தபோது இருட்டில் ஒரு பகுதி மட்டும் மூச்சு விட்டது. “அலாமாக்!” என்று மலாயில் கத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். எருமை. அது நகரவில்லை. நாங்கள்தான் ரோட்டோரம் காயப்போட்டிருந்த வைக்கோலுக்குள் போய் நின்றோம். அப்பளக் கட்டு என் முதுகுக்கும் பிரமுவுக்கும் நடுவில் நசுங்கியது.

“கப்பல்ல மிதிக்கான்னு சொன்னியே?” என்றேன்.

பிரமு வைக்கோலைத் தலையிலிருந்து எடுத்தாள். “தம்பி இப்படித்தான் மாசத்துக்கு ரெண்டு தடவை விடுவான். அதைப் போயா கணக்குல சேக்கது?”

அங்கேயே எனக்கு இரண்டு விஷயம் உறுதியானது. அப்பளத்துக்குக் கெட்டியான அட்டைப் பெட்டி வேண்டும். வண்டிக்கு லைட் வேண்டும்.

அடுத்த நாள் அம்பாசமுத்திரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் எல்.இ.டி பல்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்து, கல்யாண மோதிரம் காட்டுவதுபோலக் காட்டினார். “இத மாட்டிட்டா எதிர்ல வாரவன் ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போவான்” என்றார். மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டதும் அது கோயில் கொடைத் திருவிழாச் சீரியல் லைட் மாதிரி பளிச் பளிச் என்று துடித்தது. பழைய வண்டியில் லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லையாம். எஞ்சினிலிருந்து நேராக வருவதால் துடிக்கிறதாம். அதற்கென்ன என்று ஒயரைப் பிடுங்கி நேரே பேட்டரியில் கொடுத்துவிட்டார். லைட் நின்று நிதானமாக எரிந்தது. நாங்களும் மகிழ்ச்சியாகக் கிளம்பினோம்.

மறுநாள் அட்டைப் பெட்டிக்காகப் பேட்டைக்குப் புறப்பட்டோம். என் கை வழக்கம்போல லைட்டைப் போட்டது. வீரவநல்லூர் தாண்டுவதற்குள் சின்னஞ்சிறு பேட்டரியை அது குடித்துத் தீர்த்துவிட்டது. எஞ்சின் ஓடியது, ஹாரன் அடிக்கவில்லை.

மலேசியாவில் ஒருவர் ஹாரன் அடித்தால் ஏதோ வம்பு என்று அர்த்தம். வாரக்கணக்கில் அடிக்காமல் ஓட்டியிருக்கிறேன். இங்கே ஹாரன் இல்லாத வண்டியை யாரும் வண்டியாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. சேரன்மகாதேவியில் கோழி, ஆட்டோ, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த குடும்பம் என எல்லோரும் எங்களுக்கு முன்னால் சாவகாசமாக நடந்தார்கள். நான் தடுமாறுவதைப் பார்த்துப் பிரமு எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ, ஒதுங்கு! ஏ பாட்டையா, பைய போரும்! ஏளா சிவப்புச் சேலை, புள்ளையப் பிடி!”

பத்தமடை வழியாகப் பேட்டை வரைக்கும் பிரமுதான் ஹாரன். ஒரு லாரியே ஓரம் கட்டி வழிவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்து, “எந்தக் கம்பெனி ஹாரன் இது?” என்று கேட்டார். பிரமு அதற்கும் பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

தொழிற்பேட்டையில் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் காதர் பாயிடம் வண்டியை விட்டோம். அவர் டேங்கைக் கழற்றிவிட்டு, வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்போலப் பெருமூச்சு விட்டார். “இத வயரிங்குன்னு சொன்னவன் யாரு? இது இடியாப்பம்லா” என்றார். பேசிக்கொண்டே வேலை செய்தார். வேலையைவிடப் பேச்சு வேகமாக நடந்தது. ஹெட்லைட்டின் துருப்பிடித்த டூமையும் மஞ்சளடித்த கண்ணாடியையும் கழற்றி எறிந்தார். எஞ்சினிலிருந்து வரும் கரண்ட் முழுவதும் பேட்டரிக்குப் போய், அங்கிருந்து லைட்டுக்கு வரும்படி மாற்றினார். புது டூம், புது பல்பு. தான் வேலை பார்த்த ஒரு வண்டியின் வெளிச்சத்தை மணிமுத்தாறு அணை மேலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

அது வரை பக்கத்துக் கடையில் புரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பைக் கிண்ணத்தில் அளவாகத் தருவார்கள். இங்கே இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, வாளியிலிருந்து சால்னாவைத் திறந்துவிட்டார் பரிமாறுகிறவர். புரோட்டா மிதந்தது. “போதும், போதும்” என்றேன். “குழம்புக்குத் துட்டு கெடையாது, சும்மா சாப்பிடுங்க” என்று இன்னும் ஊற்றினார்.

திரும்பி வந்தபோது காதர் பாய் பட்டறையின் இருட்டான மூலையில் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தியிருந்தார். என்னை ஏறி உட்காரச் சொன்னார். லைட்டைப் போட்டதும் சுவரில் நேர்கோடு வரைந்ததுபோல வெள்ளை வெளிச்சம் விழுந்தது. “பாத்தியளா? இடுப்புக்கு மேல ஏறாது. எதிர்ல வாரவன் கண்ணுல ஒரு பொட்டு படாது. இதுக்குப் பேருதான் லைட்டு.” எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து முதல் சரக்கை அம்பாசமுத்திரம் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோனோம். பின்னால் பிரமு, அவள் மடியில் ஒரு கட்டு, அவளுக்குப் பின்னால் கேரியரில் ஒரு சாக்கு. இருட்டிய பிறகும் ரோடு பட்டப்பகலாகத் தெரிந்தது. ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த பஸ் ஒன்று லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. பகலில் லைட் எரிவதை விரலைக் குவித்துச் சொன்னவர்கள் இருட்டியதும் புது லைட்டை இப்படி வாழ்த்துகிறார்கள்போலும் என்று நானும் பெரிய லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டினேன். மறுநாள் வாய்க்கால் ரோட்டிலும் ஒரு பஸ் அப்படியே செய்தது. அதற்கும் மரியாதை செலுத்தினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கீழே குழாயடியில் சுடலைமுத்து முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“அக்கா, மலேசியாவுல கண்ணுக்கு நல்ல மருந்து இருக்காமே?”

“கோடாலித் தைலம்தான் கொண்டுவந்திருக்கிறேன். அதைக் கண்ணில் போட்டால் பார்வை நேரே மேலே போய்விடும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எனக்குக் கண்ணு போயிட்டுக்கா” என்றார்.

“எப்படி?” என்று கேட்டேன்.

“ராத்திரி எதிர்ல வெளிச்சம் வந்தா ரோடே தெரிய மாட்டேங்கு. எல்லாம் வெள்ளையா, வட்டம் வட்டமாப் போவுது. லைட்டு நெறைய வார ரோடுன்னு அதை விட்டுட்டு இன்னொரு டிரைவர்கிட்ட கேட்டு ரோட்ட மாத்திக்கிட்டேன். அங்கனயும் அதே வெள்ளை. அப்போ ரோட்டுல இல்ல, என் கண்ணுலதான் கோளாறு. அடுத்த மாசம் லைசென்சு புதுப்பிக்கணும். கண்ணப் பாக்காம எவன் கையெழுத்துப் போடுவான்?”

“பிரமுவிடம் சொன்னீர்களா?”

“அவகிட்டயா? சொன்னா அன்னைக்கே பஸ்ஸவிட்டு எறக்கிருவா. எனக்கு வேற தொழில் தெரியாதுக்கா. இருபத்தெட்டு வருஷமா இந்த ஸ்டியரிங்கத்தான் பிடிச்சிருக்கேன்.”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்தப் பஸ்ஸில் ஜனங்கள் ஏறுகிறார்கள். “நாளைக் காலையில் கண் டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் போகாவிட்டால் நானே பிரமுவிடம் சொல்லிவிடுவேன். இன்று இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது” என்றேன். தலையை ஆட்டினார். அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பிரமு கொடுத்த சொதியைக்கூட ருசி தெரியாமல் சாப்பிட்டேன். “பிடிக்கலையாக்கா?” என்று கேட்டாள். தேங்காய்ப்பால் எங்கள் ஊரிலும் இதே மாதிரிதான் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னேன்.

மாலை அப்பளம் வாங்கக் கிளம்பினோம். அன்று சரக்கு அதிகம். கேரியரில் சாக்கு, சாக்கின் மேல் ஒரு கட்டு, பிரமு மடியில் ஒரு கட்டு. ஹாண்டில்பார் கையில் லேசாக இருந்தது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பொழுது இறங்கி இருட்டு சூழ்ந்த நேரம், வாய்க்கால் வளைவில் எதிரே பஸ் வெளிச்சம் வந்தது. லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. நான் மரியாதையாகப் பெரிய லைட்டை அடித்தேன்.

பஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. டயர் கிறீச்சிட்டது. வாய்க்கால் கரையை உரசியபடி, முன்சக்கரம் புல்லில் ஏறி, அது ஒரு சாய்வில் நின்றது. உள்ளே ஜனங்கள் அலறினார்கள். இறங்காமல் அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்துகொண்டு டிரைவர் குதித்தார். கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தார்.

“ஏலே! அறிவிருக்கால ஒனக்கு? லைட்ட எறக்குலே! பஸ்ஸு நெறைய சனம் இருக்குலே!”

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் வாய் திறந்தபடியே நின்றது. என் முதுகுக்குப் பின்னால் அப்பளக் கட்டின் மேலாகப் பிரமுவின் தலை எழுந்தது.

“யாரப் பாத்து ஏலேங்கிய?”

இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று காலையில் தலையாட்டிய சுடலைமுத்துதான். வண்டியைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி என்னைப் பார்த்தார்.

“அக்கா, புதன்கிழமை ஆத்துப் பாலத்துல போனியளா?”

“போனோம். பார்சல் ஆபீசுக்கு.”

“நேத்து இந்த ரோட்டுல வந்தியளா?”

“வந்தோம்.”

அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை, ஒருவரின் தக்காளி மட்டும் உருண்டிருந்தது. அதைப் பொறுக்கியபடியே ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். பல்பை மாற்று என்றார் ஒருவர். கண்ணாடியில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடி என்றார் இன்னொருவர். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பின்னால இம்புட்டுப் பாரம் ஏத்துனா மூஞ்சி வானத்தத்தான் பாக்கும். லைட்டு என்னவே செய்யும்?”

காதர் பாய் சுவரில் கோடு பார்த்தபோது வண்டியில் நான் ஒருத்திதான் இருந்தேன். பிரமுவை அவரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

“ஏளா, எறங்கு” என்றார் சுடலைமுத்து. பிரமு இறங்கினாள். வெளிச்சம் அவர் முகத்திலிருந்து சரிந்து மார்பு, வேட்டி எனக் கீழே வந்து ரோட்டில் விழுந்தது. அவர் கண்ணை அகலத் திறந்தார்.

“ஏறு.”

ஏறினாள். வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது.

“எறங்கு.”

“எதுக்கு?”

“எறங்குளா, சொல்லுதேன்லா.”

இறங்கினாள். சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை ஏறச் சொன்னார். அதற்குள் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. “அண்ணாச்சி, அக்காவ எடை போடுதியளா?” என்று கண்டக்டர் கேட்டார். பிரமுவுக்குக் கோபம் தலைக்கேறியது. “நடு ரோட்டுல என்னய வச்சு வேடிக்கையா காட்டுதிய?” என்று மடியிலிருந்த கட்டைத் தூக்கி அவர் கையில் திணித்தாள்.

அவர் அப்பளக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்காலின் அந்தக் கரையைப் பார்த்தார். பம்ப்செட் அறைச் சுவரில் ஏதோ எழுதியிருந்தது. வண்டி வெளிச்சத்தின் விளிம்பில் அது மங்கலாகத் தெரிந்தது. அவர் உரக்கப் படித்தார். “இங்கு... குப்பை... கொட்டாதீர். மீறினால்... நடவடிக்கை.” பிறகு கீழே இருந்த சின்ன எழுத்தில் பெயின்டர் பெயரையும் படித்தார். படித்துவிட்டு ஊரையே ஜெயித்தவர்போல எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் நீர்.

“இவருக்கு என்னக்கா வந்திருக்கு?” என்றாள் பிரமு.

“அவரையே கேள்” என்றேன்.

பஸ்ஸை எல்லோருமாகத் தள்ளி ரோட்டில் ஏற்றினோம். அப்பளமும் பிரமுவும் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவருக்குப் பின் இருக்கையில் அவள் உட்கார்ந்துகொண்டாள். பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது அவர் ஏதோ சொல்வதும், அவள் கை அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவதும் ஜன்னல் வழியே தெரிந்தது. நான் தனியாகத் திரும்பினேன். வெளிச்சம் ரோட்டை விட்டு எழவே இல்லை. எதிரே வந்த யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்லவும் இல்லை.

பேட்டையிலிருந்து பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் அப்பளம் அடுக்கி மாடியிலிருந்து நானே கீழே போட்டுப் பார்த்தேன். இரண்டே இரண்டுதான் உடைந்தன. ஆர்டர் பிரமுவுக்குத்தான் என்றேன். அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. “மூணு நாளா கண்ணு போச்சுன்னு நெனச்சிக்கிட்டே பஸ்ஸ ஓட்டியிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல” என்பதையே கிணற்றடியிலும் அடுப்படியிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அம்பாசமுத்திரத்தில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன்.

சுடலைமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோலச் சத்தமாகக் கடைசி வரி வரை படித்தார். வரவேற்பறையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் அதை முகத்துக்கு நேரே வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். இன்னும் தள்ளினார். கை நீளம் தீர்ந்துபோனதும் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பிரமுவிடம் சொன்னார்: “பயப்பட ஒண்ணுமில்ல. தூரத்துல இருக்கது எல்லாம் நல்லாத் தெரியுது. பக்கத்துல இருக்கதுதான் தெரிய மாட்டேங்கு.”

“அது எனக்குக் கல்யாணம் ஆன புதுசுலயே தெரியும் டாக்டரம்மா” என்றாள் பிரமு.